பழவேற்காட்டில் கடலைச் சலிக்கிறார்கள்!

“இன்னாம்மா இது, வலையா வடிகட்டியா? இதுல இன்னா மீன் மாட்டும்?”

படகு ஓட்டும் அண்ணன் இப்படிக் கேட்டதும் படகிலிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அவர் கேட்டதில் தப்பே இல்லை. சின்ன வயதிலிருந்து பழவேற்காட்டில் வலை இழுத்த கை அவருடையது. அந்தக் கைக்கு இந்த வலை விசித்திரமாகத்தான் இருக்கும். இதன் கண்ணி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு! நெத்திலிக் குஞ்சு என்ன, மீன் முட்டைகூடத் தப்பாது. ஆனாலும் இன்றைக்கு இதில் மீன் சிக்கினால் திரும்பக் கடலில்தான் விடப்போகிறோம். நாம் பிடிக்க வந்தது கடல்நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகளை.

மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல்லைச் செய்திகளில் எத்தனை முறை படித்திருப்போம்! 5 மில்லிமீட்டரைவிடச் சின்னதான எல்லா பிளாஸ்டிக் துகளும் அந்தப் பெயருக்குள் அடக்கம். மீனில் இருக்கிறது, உப்பில் இருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது என்கிறார்கள். யார் எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்? கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒன்றைக் கடலிலிருந்து பொறுக்கி எடுத்து, “இது சாக்குப்பை, இது மீன்வலை, இது சேலை” என்று பெயர் சொல்லும் வித்தை என்ன? அந்தத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத்தான் விடியுமுன்னே கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பஸ் ஏறி இங்கே வந்தேன். வாருங்கள், நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். படகு கிளம்புகிறது!

பத்து லாரித் தண்ணீர், ஒரு பாட்டில் கசடு

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்தைத் தாண்டியதும் அலை படகைத் தூக்கிப் போடுகிறது. வலை இறங்குகிறது. மாண்டா என்று பெரிய திருக்கை ஒன்று உண்டு. அகன்ற வாயைத் திறந்துகொண்டே நீந்தும். இந்த வலையின் வாயும் அப்படியே இருப்பதால் மாண்டா வலை என்றே பெயர். இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மிதவைகள். அது நீரின் மேல்தோலைச் சீவிக்கொண்டே வரும்.

வலையைப் படகுக்கு நேர் பின்னால் விடமாட்டார்கள். பக்கவாட்டில் தள்ளி இழுப்பார்கள். ஏன் தெரியுமா? ஃபைபர் படகே பிளாஸ்டிக்தானே! அதன் பெயின்ட் உரிந்து வலைக்குள் விழுந்தால் கணக்கே கெட்டுவிடும். இதோடு விடவில்லை. கூட வந்த ஆய்வு மாணவி ஒரு சின்னக் கத்தியால் படகின் நீலப் பெயின்டைத் துளி சுரண்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டார். “நாளைக்கு மைக்ராஸ்கோப்புல நீலச் செதில் வந்தா, நம்ம படகா, கடலான்னு இத வெச்சுத்தான் பார்ப்போம்க்கா” என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. துப்பறியும் வேலையேதான்!

வலை வாயில் ஒரு குட்டிக் காற்றாடி சுழல்கிறது. எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து எவ்வளவு தூரம் நீர் உள்ளே புகுந்தது என்று கணக்கிடுவார்கள். நாமும் போட்டுப் பார்ப்போம். நீருக்குள் இருக்கும் வாயின் அகலம் 60 செ.மீ., உயரம் 15 செ.மீ. என்று வையுங்கள். 1 கிலோமீட்டர் இழுத்தால் 90,000 லிட்டர். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், 9,000 லிட்டர் தண்ணீர் லாரி பத்து! நடக்கிற வேகத்தைவிட மெதுவாகப் போகும் படகு, கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, பத்து லாரிக் கடலைச் சலித்துவிடுகிறது.

வலையைத் தூக்கி வெளிப்பக்கமாகக் கடல்நீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். உள்ளே ஒட்டியதெல்லாம் நழுவி அடியில் இருக்கும் குடுவையில் சேர்கிறது. பாசி, இறால் குஞ்சு, ஜெல்லி, மரத்தூள், பறவைச் சிறகு. அந்தக் கஞ்சி முழுக்க ஒரு கண்ணாடி பாட்டிலில் அடங்கிவிடுகிறது. கூடவே ஸ்டீல் வாளியில் கடல்நீரையும் அப்படியே மொண்டு எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய துணி இழைகள் இந்த வலைக்கண்ணியிலும் நழுவிப் போய்விடும். அவற்றைப் பிடிக்க அந்த வாளித் தண்ணீர்.

உள்ளே வரலாம், ஜார்ஜெட் வரக்கூடாது

கரைக்குத் திரும்பி ஆய்வுக்கூடம் வந்தால், வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

“அக்கா, துப்பட்டா என்ன துணி?”

“ஜார்ஜெட்மா.”

“வெளியவே மாட்டிடுங்கக்கா, ப்ளீஸ். அது உதிர்க்கும்.”

உள்ளே எல்லோரும் பளீரென்ற ஆரஞ்சு நிறக் கோட்டில் இருக்கிறார்கள். அத்தனையும் பருத்தி. வெள்ளைக் கோட்டுக்கு ஏன் இங்கே இடமில்லை? கடலிலிருந்து வரும் இழைகளில் நிறமற்றதும் வெள்ளையும் நிறைய. கோட்டு நூலும் வெள்ளையாக இருந்தால் குழப்பம். ஆரஞ்சு இழை தட்டில் கிடந்தால், “இது நம்ம கோட்டு” என்று உடனே தள்ளிவிடலாம்! மேசை மேல் ஈர வடிதாள் ஒன்றைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். வேலை முடியும்வரை காற்றிலிருந்து அதில் எத்தனை இழை விழுகிறதோ, அதைக் கடைசியில் மொத்த எண்ணிக்கையில் கழித்துவிடுவார்கள். ஆம், அறைக் காற்றிலும் பிளாஸ்டிக் இழை மிதக்கிறது. நம் துணியிலிருந்துதான். 2016-இல் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, 6 கிலோ துணியை ஒருமுறை வாஷிங் மெஷினில் துவைத்தாலே 7 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் உதிரக்கூடும் என்று தெரிந்தது.

அதே பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன்தான் 2004-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையால் இந்தத் துகள்களை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அவரும் கூட்டாளிகளும் 1960களிலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்த மிதவை உயிரி மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 1960, 70களில் இருந்ததைவிட 1980, 90களில் பிளாஸ்டிக் இழைகள் கூடியிருந்தன! யாரோ வேறு எதற்கோ சேமித்து வைத்த மாதிரிகளுக்குள் இந்தக் கதை அவ்வளவு நாளும் காத்திருந்திருக்கிறது.

விதைநெல் வித்தை

இப்போது சமையல் ஆரம்பம். பழவேற்காட்டுக் கஞ்சியை முதலில் ஸ்டீல் சல்லடையில் சலிக்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேலிருப்பது மேலே நின்றுவிடும். கீழே இறங்கியதில் பாசியும் புழுவும் பிளாஸ்டிக்கும் பின்னிக்கிடக்கும். பிரிப்பது எப்படி? உயிர்ப்பொருளை எரித்துவிட வேண்டும், பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது. 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கொஞ்சம் இரும்பு உப்புக் கரைசல், இதமான சூடு. அவ்வளவுதான், பால் பொங்குவதுபோல் நுரைத்துக்கொண்டு எழும்புகிறது! பக்கத்திலேயே குளிர்ந்த நீரோடு ஒருவர் தயாராக நிற்கிறார். பொங்கி வழிந்தால் அத்தனை உழைப்பும் போச்சு. பச்சைக் குழம்பு கண்ணெதிரே வெளுத்துத் தெளிகிறது. பாசி மறைகிறது. இறால் குஞ்சு கரைகிறது. பிளாஸ்டிக் மட்டும் அசையாமல் இருக்கிறது. பெராக்சைடுக்கே கரையாதது, மீன் வயிற்றிலா கரையப்போகிறது?

அடுத்த கட்டத்தைப் பார்த்ததும் நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் தாத்தா செய்ததல்லவா இது! பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெல் விதைத்த குடும்பங்களுக்குத் தெரியும். விதைநெல் தேர்ந்தெடுக்க வாளித் தண்ணீரில் ஒரு முட்டையைப் போடுவார்கள். முட்டை அடியில் கிடக்கும். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து நாலணா அகலத்துக்குத் தலைகாட்டும். அந்த உப்புத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், கனத்த விதை அடியில் தங்கும். இங்கேயும் அதேதான்! உப்பைக் கரையும் மட்டும் கரைத்த நீரில் மாதிரியைப் போட்டு இரவு முழுக்க அசையாமல் விடுகிறார்கள். மணலும் சிப்பித்தூளும் கீழே, பிளாஸ்டிக் மேலே. நம் தாத்தாவுக்கு வேண்டியது அடியில் இருந்தது, இவர்களுக்கு வேண்டியது மேலே இருக்கிறது. வித்தை ஒன்றே!

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. பை, குடம், மூடி செய்யும் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் அதைவிட லேசு, ஆகவே கடலில் மிதக்கும். வலை நைலான் 1.14. கடலில் மூழ்கும், இந்த உப்புநீரில் மிதந்துவிடும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் 1.38. அது உப்புநீரிலும் மூழ்கும். அதைத் தூக்கத் துத்தநாகக் குளோரைடுக் கரைசல் வேண்டும். மேலே மிதப்பதை மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் என்று அப்போது புரிந்தது. மீதி ஏரிச் சேற்றில் படிகிறது. அந்தச் சேற்றைக் கையால் துழாவித்தான் பழவேற்காட்டில் இருளர் பெண்கள் இறால் பிடிக்கிறார்கள், ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில். நாம் வீசிய பாட்டிலின் துகள் கடைசியில் அவர்கள் விரலிடுக்கில்.

சூடான ஊசி

மறுநாள், மேலே மிதந்ததை வடித்தெடுத்த வடிதாள் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே போகிறது. “மூச்ச மெதுவா விடுங்கக்கா, பறந்துடும்!”

குனிந்து பார்த்தேன். என்ன ஓர் உலகம்! நீல இழை ஒன்று சுருண்டு கிடக்கிறது. பச்சை நூல் ஒன்று, மீன்வலை நூலேதான், முனை பிசிறடித்திருக்கிறது. சிவப்புச் செதில் ஒன்று, ஏதோ குடத்தின் உடைசல். ஏதோ பை பொடிந்ததில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு துண்டு. எல்லாம் அவ்வளவு அழகாக மின்னுவதுதான் வயிற்றைப் பிசைகிறது. மீனுக்கும் இப்படித்தானே மின்னும்.

சந்தேகம் வந்தால் சூடான ஊசி! ஆய்வு மாணவி தையல் ஊசியைச் சிவக்கக் காய்ச்சித் துகளருகே கொண்டுபோனார். பச்சை நூல் சட்டென்று சுருண்டு உருகியது. பிளாஸ்டிக். பக்கத்தில் அதேபோல் மின்னிய இன்னொன்றிடம் ஊசியை நீட்டினார். அசையவே இல்லை. சிப்பிச் சில்லு! கண் ஏமாறும், ஊசி ஏமாறாது. அதற்கும் மேலே ஒரு நீதிபதி இருக்கிறது. அகச்சிவப்பு ஒளியைத் துகள்மேல் பாய்ச்சும் கருவி. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அந்த ஒளியைத் தனக்கென்று ஒரு விதமாக உறிஞ்சும். ஆளுக்கு ஆள் கைரேகை மாதிரி. கம்ப்யூட்டரில் இருக்கும் ரேகைகளோடு 70 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால்தான் பெயர் சூட்டுவது பலருடைய வழக்கம். இல்லாவிட்டால் எண்ணிக்கையில் சேர்க்கமாட்டார்கள். இவ்வளவு பொறுமையாக எண்ணியபிறகே ஒரு எண் நம் கைக்கு வருகிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020-இல் அவ்வூர் உப்பை ஆராய்ந்து, கடல்நீரில் விளைந்த உப்பில் ஆழ்துளைக் கிணற்று உப்பைவிட அதிகத் துகள்கள் இருப்பதைக் காட்டியதும் இப்படிப்பட்ட பொறுமையால்தான்.

குருணை சொல்லும் கதை

கடைசியாகத் தட்டின் ஓரத்தில் ஒன்றைக் காட்டினார். மைக்ராஸ்கோப்பே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிகிறது. பயறு அளவில் உருண்டையாக, வெள்ளையாக, ஜவ்வரிசி போல. இது எதுவும் உடைந்து வந்ததில்லை. பிறந்தபோதே இந்த அளவு! குடமோ நாற்காலியோ பையோ, எல்லா பிளாஸ்டிக் பொருளும் ஆவதற்கு முன் இந்தக் குருணையாகத்தான் மூட்டையில் வரும். தொழிலில் ‘தானா’ என்பார்கள். உருக்கி, அச்சில் ஊற்றினால் பொருள்.

மற்றத் துகள்களின் ஊர் சொல்வது கஷ்டம். குருணையின் ஊர் ஒன்றுதான்: அது எந்த வீட்டுக் குப்பையிலிருந்தும் வராது. ஆலை, கிடங்கு, லாரி, துறைமுகம், கப்பல், இந்தச் சங்கிலியில் எங்கோ சிந்தியிருக்க வேண்டும்.

இப்போது இந்தக் கரையின் வரைபடத்தை விரியுங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. தெற்கே மணலி, எண்ணூர். கடலோரத்தில் காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்கள். ஆரணியாறு பழவேற்காட்டு ஏரிக்கு வருகிறது, கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்துக்கு. இரண்டையும் பக்கிங்ஹாம் கால்வாய் கோத்திருக்கிறது. சாலையோரம் சிந்தும் ஒரு கைப்பிடி மழைநீர்க் கால்வாய்க்கும், கால்வாய் ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் கொண்டுசேர்க்கும்.

ஊகம் என்று நினைக்காதீர்கள். 2015 மார்ச்சிலும், பெருவெள்ளம் வந்த அதே ஆண்டு நவம்பரிலும் சென்னைக் கடற்கரையில் குருணைகளைச் சேகரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று மறு ஆண்டு வெளியானது. நவம்பரில் மார்ச்சைப் போல மூன்று மடங்கு! பெரும்பாலும் வெள்ளை நிறம், பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும். கூவமும் அடையாறும் வெள்ளத்தில் நிலத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்தவை என்றது அந்த ஆய்வு.

இதைக் கேட்டதும் படகுக்கார அண்ணன் முந்தைய நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. வடக்கேயிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை இந்தக் கரையில் வன்னி என்கிறார்கள், தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு கரைபுரளும்போது கடலில் ஓடுவது வன்னி. அப்படியென்றால் இந்தப் பக்கத்து ஆறுகள் கக்குவது மெரினா பக்கம் போகும். தெண்டி காலத்தில் சென்னையின் குப்பை இங்கே வரும். கடலில் எல்லை போட்டுக்கொள்ள முடியாது!

கப்பலிலிருந்து சிந்தினால் இன்னும் பெரிய கொடுமை. 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் போனது. நீர்கொழும்புக் கரையில் மணலே தெரியாமல் பனி பெய்ததுபோல் கிடந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபிறகு குருணை கன்னியாகுமரிக் கரைக்கும் வந்து ஒதுங்கியது. தன்னார்வலர்கள் சல்லடையும் கையுமாக மணலைச் சலித்தார்கள். நெல் சலித்த சல்லடை, மாவு சலித்த சல்லடை, இப்போது கடற்கரை சலிக்கும் சல்லடை!

குருணை வெளுப்பாக இருந்தால் புதிது. வெயிலில் கிடந்து மஞ்சளித்தால் பழையது. பழைய குருணை இன்னொரு வேலையும் பார்க்கிறது. 2001-இல் ஜப்பானில் ஹிடேஷிகே தகாடா குழுவினர் கண்டது இது: கடல்நீரில் கரைந்திருக்கும் நச்சு ரசாயனங்களைக் குருணை ஈர்த்துத் தன்மேல் சேர்த்துக்கொள்கிறது, சுற்றியுள்ள நீரில் இருப்பதைப் போல லட்சம், பத்து லட்சம் மடங்குவரை! 2005 முதல் உலகெங்கும் உள்ள மக்கள் தங்கள் கடற்கரையில் பொறுக்கிய குருணையை உறையில் போட்டு அவருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவர் சோதித்து, எந்தக் கரையில் என்ன நஞ்சு என்று உலகப் படமே வரைகிறார். தபால் உறையில் வரும் கடல்!

துடைப்பமும் வலைக்கண்ணியும்

வெளியே வந்து துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டபோது அதை முன்போல் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மனம் சோரவில்லை. இரண்டு நாளாக நான் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு உண்மையைத்தான் சொன்னது: கடலுக்குள் போனபிறகு ஒரு துகளைத் தேடிப் பிடிக்கப் படகு, வலை, சல்லடை, ரசாயனம், உப்பு, ஊசி, லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி, இத்தனை மனிதர்களின் நாள்கணக்கான உழைப்பு வேண்டும். ஆலை வாசலில் அதே துகளைப் பிடிக்கத் துடைப்பமும் முறமும் போதும்!

ஒரு குருணையின் எடை ஏறத்தாழ 20 மில்லிகிராம். 25 கிலோ மூட்டை ஒன்றில் பன்னிரண்டரை லட்சம். மூட்டை பிரிக்கும் இடத்தில் அடியில் ஒரு தட்டு. கிழிந்த மூட்டைக்கு உடனே தையல். சிந்தியதை நீர் விட்டுக் கழுவித் தள்ளாமல் கூட்டி அள்ளுதல். மழைநீர்க் கால்வாய் வாயில் நுண்ணிய கம்பிவலை, அதை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய ஓர் ஆள். ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் குருணை சிந்தாமல் தடுக்கத் தனிச்சட்டமே கொண்டுவந்துவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த தமிழ்நாட்டுக்கு இது பெரிய காரியமா என்ன? சிந்தியதும் காசுதான். அள்ளினால் ஆலைக்கே லாபம்.

சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பிகளே, தங்கைகளே, லாரி ஓட்டும் அண்ணன்மாரே, உங்களைத்தான் கேட்கிறேன். தரையில் வெள்ளையாக உருளும் அதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று கூட்டி அள்ளுங்கள். நம் வீட்டில் அரிசி சிந்தினால் அப்படி விட்டுவிட்டுப் போவோமா? இதை எழுதும்போது ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கால்வாய் வாய்களுக்கு வலை போட அவ்வளவு நாள் தாராளம்.